லிங்கர் தேடுவது எந்தப் பெயரை?

மூலநிரலிலிருந்து ஒரு மென்பொருளைக் கட்டும்போது நிரலைக் கணினிமொழிக்கு மாற்றும் கொம்பைலரின் வேலை முழுவதும் தடையின்றி முடிந்து, கடைசிக் கட்டத்தில் அந்தத் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் மட்டும் திரை நிறையப் பிழைகளைக் கொட்டி நின்றுவிட்டால், கிளிநொச்சியில் என்னிடம் வரும் மாணவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் தரவிறக்கத் தொடங்குகிறார்கள். கைபேசி டேட்டாவை நம்பிப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது வீண் செலவு. பிழை எங்கே இருக்கிறது என்பதை அந்தச் செய்தியே சொல்லியிருக்க, அதை வாசிக்காமல் கடந்துபோவதுதான் எனக்கு இன்னும் வருத்தமளிக்கிறது.

அறிவிப்புகளைத் தாங்கும் ஹெடர் கோப்பில் ஒரு பெயரைப் பார்த்ததும், இப்படியொரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல்பகுதி, எங்கோ இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டு கொம்பைலர் தன் வேலையைத் தொடரும். அந்த ஃபங்ஷனின் உடலை, அதாவது அதன் உண்மையான நிரலைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு லிங்கருக்கு உரியது.

ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பான லைப்ரரியின் பெயரோடு ‘கேனாட் ஃபைண்ட்’ என்று வந்தால், கோப்பே கிடைக்கவில்லை என்று பொருள். லினக்ஸ் வகைகளான உபுண்டுவிலும் டெபியனிலும் இது மிகவும் குழப்பும். ஏனெனில் அந்த லைப்ரரி கணினியில் ஏற்கெனவே இருக்கும், ஏனைய மென்பொருள்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டும் இருக்கும். ஆனால் மென்பொருளை இயக்குவதற்கு மட்டுமான பொதியில் பதிப்பெண் ஒட்டிய கோப்பு மட்டுமே வருகிறது. லிங்கர் தேடுவதோ எண் இல்லாமல் ‘எஸ்ஓ’ என்று முடியும் பெயரை. அந்தப் பெயரும் ஹெடர் கோப்புகளும் ‘டெவ்’ என்று முடியும் தனிப் பொதியில் இருப்பதால், அதை மட்டும் நிறுவினால் போதும்.

பெயருக்கு உடல் கிடைக்கவில்லை என்று சொல்லும் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ வேறு வகை. படத்திலுள்ள தமிழ் எழுத்துகளை உரையாக மாற்ற டெசரக்டைக் கொண்டு நிரல் எழுதுபவர்கள், ‘பிக்ஸ்ரீட்’ என்ற பெயரில் இந்தப் பிழையைச் சந்திக்கக்கூடும். அந்த ஃபங்ஷன் டெசரக்டுடையது அன்று. படங்களைக் கையாளும் லெப்டோனிக்காவுடையது. எனவே இணைப்புக் கட்டளையில் இரண்டு லைப்ரரிகளும் இருக்க வேண்டும். ஒரு லைப்ரரிக்குள் என்னென்ன பெயர்கள் உள்ளன என்பதை ‘என்எம்’ கட்டளை காட்டும். பெயருக்கு முன்னால் ‘யூ’ என்ற எழுத்து நின்றால், அந்த லைப்ரரியும் அதன் உடலை வெளியிலேதான் தேடுகிறது.

லைப்ரரியைக் கொடுத்த பிறகும் அதே பிழை நீடித்தால், நான் முதலில் பார்ப்பது வரிசையை. குனு திட்டத்தின் லிங்கர், இணைப்புக் கட்டளையை இடமிருந்து வலமாக வாசிக்கிறது. ‘ஏ’ என்று முடியும் நிலையான லைப்ரரியைச் சந்திக்கும்போது, அதுவரை தீர்க்கப்படாத பெயர்களுக்குத் தேவையான பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு அப்பால் செல்கிறது. ஆகவே லைப்ரரிகள், கொம்பைலர் உருவாக்கிய ஒப்ஜெக்ட் கோப்புகளுக்குப் பின்னால் வர வேண்டும். கட்டுவதற்கு முன் அமைப்புகளைத் தயார்செய்யும் கொன்ஃபிகர் கட்டளைக்கு லைப்ரரிப் பெயர்களை ‘எல்டிஃப்ளாக்ஸ்’ மாறியில் கொடுத்தால் அவை பெரும்பாலும் முன்னால் போய்விடும். அவற்றை ‘லிப்ஸ்’ மாறியில் கொடுப்பதே சரி. உதவி கேட்டு வருபவர்கள், கட்டும் வேலையை நடத்தும் ‘மேக்’ கட்டளையுடன் வீ சமன் 1 என்று சேர்த்துக் கிடைக்கும் முழு இணைப்பு வரியையும் கொண்டுவந்தால் மிகவும் நல்லது.

பழைய சி நிரல்களில் ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ என்று வந்தால், ஜிசிசி என்ற கொம்பைலரின் பதிப்பைப் பாருங்கள். 2020இல் வெளிவந்த 10ஆம் பதிப்பிலிருந்து, ஒரே பொது மாறியைப் பல கோப்புகளில் வரையறுப்பது இயல்பாகவே பிழையாகிறது. ஹெடரில் அந்த மாறிக்கு முன்னால் ‘எக்ஸ்டெர்ன்’ சேர்த்து, வரையறையை ஒரு கோப்பில் மட்டும் வைப்பதே முறையான திருத்தம்.