இரண்டு மைல் தள்ளி வந்தவர்கள்

கடையில் பால் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆச்சி பேப்பர் வாங்க வந்தவர், வந்த வேகத்திலேயே பொரிந்து தள்ளினார். தேவாலயத்தில் பூ வைக்கும் முறைப் பட்டியலில் யாரோ அவருடைய ஞாயிற்றுக்கிழமையைப் பறித்துவிட்டார்களாம். “அவர்களுக்கு இந்த ஊர் வழக்கம் என்ன தெரியும்? வெளியாட்கள்தானே!”

அந்த வெளியாட்கள் யாரென்று எனக்குத் தெரியும். வயலுக்கு அந்தப் பக்கம், இரண்டு மைல் தள்ளியுள்ள ஊரிலிருந்து 1950களில் வந்த குடும்பம். அப்போது கைக்குழந்தையாக வந்தவர் இப்போது பென்ஷன் எடுக்கிறார். நானோ யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்காரன். அவர்களே வெளியாட்கள் என்றால் என்னை எதில் சேர்ப்பார் என்று கேட்க வாய் உன்னியது. சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

ஆச்சி என்பது நானும் மனைவியும் எங்களுக்குள் வைத்த பெயர். எண்பதைத் தாண்டிய வெள்ளைக்கார மனுசி, தனியாக இருக்கிறார். லண்டனில் ஈஸ்ட்ஹாமை விட்டு, நோர்போக்கின் இந்தச் சின்னக் கோயிற்பற்றில், அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊரில், கடையை வாங்கி வந்த புதிதில், எங்களிடம் முதலில் பேச்சுக் கொடுத்தவர் அவர்தான். நானூறு வருடமாகத் தங்கள் குடும்பம் இதே ஊர்தான் என்பார். அந்தக் கதையைத் தாள்களாக்கிப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆசை. கடையில் போட்டோப்பிரதி மெஷின் இருந்தது, எனக்குக் கொஞ்சம் கணினியும் தெரியும். அப்படித்தான் மாட்டினேன்.

இந்த நாட்டில் ஏழை எளியவருக்கும் தாளில் ஒரு வரி உண்டு. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்கச் சொல்லி உத்தரவிட்டார். அந்தப் புத்தகங்களைத் தேவாலயத்தில் ஒரு பெட்டகத்தில் பூட்டி வைத்தார்கள். பூட்டு மூன்று. ஒரு சாவி பாதிரியாரிடம், மற்ற இரண்டும் தேவாலய நிர்வாகிகளான இரண்டு வார்டன்களிடம். ஒருத்தரை ஒருத்தர் நம்பாத விஷயத்தில் நம்மூர்க் கோயில் தர்மகர்த்தா சபைக்குக் கொஞ்சமும் குறைவில்லை. கல்லறைக் கல் வைக்க வசதி இருந்தது பண்ணைச் சொந்தக்காரருக்குத்தான். கூலிக்காரன் இருந்ததற்குப் பல சமயம் அந்த ஒரு வரிதான் சாட்சி.

வாசிப்பதுதான் பாடு. மையும் எழுத்தும் ஒரு பக்கம் இருக்க, 1752 வரைக்கும் இங்கே வருடம் பிறந்தது மார்ச் 25இல். 1730 டிசம்பருக்கு அடுத்து வருவது 1730 ஜனவரி. கலியாணத்துக்கு முந்தியே பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுவிட்டது என்று ஆச்சி பதறிவிட்டார். சித்திரையில் வருடம் பிறக்கிற ஆட்களான எங்களுக்கு இதில் என்ன அதிசயம்? விளக்கிச் சொன்னதும் அவருக்குப் பெரிய நிம்மதி. மானம் காத்தவன் என்று எனக்கு ஒரு கேக்கும் கிடைத்தது.

சிக்கல் 1851இல் வந்தது. 1841 கணக்கெடுப்பில் இதே கவுண்டியில், நம்மூர் மாவட்டம் மாதிரி, பிறந்தவரா, ஆமா இல்லையா என்பதோடு விட்டுவிட்டார்கள். 1851இல் பிறந்த ஊரையே எழுதினார்கள். ஆச்சியின் முப்பாட்டன் ஒருவர் எழுபது வயதுக் கிழவராக அதில் இருந்தார். பிறந்த ஊர் என்ற இடத்தில் இருந்தது ஆறு மைல் தள்ளிய வேறொரு கோயிற்பற்று.

நோர்விச்சில் இருக்கும் கவுண்டி ஆவணக் காப்பகத்துக்கு ஆச்சியைக் காரில் கூட்டிப்போனேன். பையை லொக்கரில் வைத்துவிட வேண்டும், பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டும். பழைய தாள்கள் சுருளாமல் இருக்க, பாரம் கோத்த நீளக் கயிறு ஒன்று தருவார்கள். 1994இல் மின்கோளாறால் நோர்விச் மத்திய நூலகம் எரிந்தபோது காப்பகம் அதன் நிலவறையில் இருந்ததாம். மேலே ஊற்றிய தண்ணீர் கீழே இறங்கியும் ஆவணங்கள் பெரும்பாலும் தப்பிவிட்டன. ஆச்சி அதை எனக்கு ஒரு பெரிய துயரக் கதையாகத்தான் சொன்னார். எங்கள் யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டது, 97,000 புத்தகங்கள், அதில் ஓலைச்சுவடிகளும் போயின என்றேன். “யார் எரித்தது?” என்று கேட்டார். எனக்கு அந்த மேசையில் அதைக் கதைக்க மனமில்லை.

அப்புறம் வந்தது அந்தத் தாள், 1780களில் எழுதியது. கிழவரின் தகப்பனை இரண்டு நீதவான்கள் முன் நிறுத்திச் சத்தியம் வாங்கி, நீ எந்த ஊருக்கு உரியவன் என்று விசாரித்த வாக்குமூலம். 1662இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வருடம் பத்துப் பவுணுக்குக் குறைந்த வாடகையில் ஒருவன் புதிதாக வந்து குடியேறினால், இவன் நாளைக்கு நம் ஊர் தர்மப் பணத்தில் கைவைப்பான் என்று 40 நாளுக்குள் முறையிட்டு, அவனைச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பலாம். கலியாணமாகாத ஆள் ஒரு முழு வருடம் ஒரே எஜமானிடம் வேலை செய்தால் அந்த ஊர் உரிமை கிடைக்கும். அதனால் பண்ணைக்காரர்கள் 51 வாரத்துக்குத்தான் ஆள் பிடிப்பார்களாம். கிழவரின் தகப்பனான ஆச்சியின் அந்தப் பாட்டனையும் அப்படித்தான் பிடித்திருக்கிறார்கள். எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை செய்தாய், எத்தனை நாள், என்ன கூலி என்று கேள்விகள் போகின்றன. கடைசியில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து வெளியேற்றச் சொல்லி உத்தரவு.

கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி. ஒரு கோடு மெல்லியது. மற்றது பாதி வழியில் அழுந்தி, மை ஊறிப் பின்பக்கம் வரை கறுத்திருந்தது.

நான் அந்தத் தாளை விட்டு அசையவில்லை. அந்தக் கேள்விகள் எல்லாம் எனக்குப் பாடம். 1990இல் ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாளிலிருந்து, முகாமில், சோதனைச் சாவடியில், கொழும்பு லொட்ஜில், எங்கே போனாலும் சொந்த இடம் எது, ஏன் வந்தாய், எத்தனை நாள் நிற்பாய், கிராம சேவகரின் கடிதம் எங்கே? அந்தக் காலத்தில் இந்த நாட்டு மனிதர்களும் அப்படி ஒரு கடிதத்தோடு அலைந்திருக்கிறார்கள். இவன் எங்கள் ஆள்தான், கஷ்டம் வந்தால் நாங்களே ஏற்றுக்கொள்வோம் என்று சொந்தக் கோயிற்பற்று எழுதிக் கொடுக்கும் சான்றிதழ். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழ்ச் சனத்தை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள், உயர் நீதிமன்றம்தான் தலையிட்டு நிறுத்தியது. அதற்கு முன்பே நான் லண்டன் வந்துவிட்டேன். இங்கே வந்தும் ஒரு சின்ன அறையில், மொழிபெயர்ப்பாளரை வைத்து, அதே கேள்விகள். ஏன் இந்த நாடு? உன் ஊரில் வேறு இடம் இல்லையா? நல்லவேளை, எனக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்திருந்தது.

இப்போது பாஸ்போர்ட் இருக்கிறது, கடை இருக்கிறது, தேவாலயச் சந்தையில் என் மனைவியின் வடைக்கு வரிசை நிற்கிறது. ஊரோடு ஒட்டிவிட்டோம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் தபாலில் அரசாங்கத்தின் மண்ணிற உறை வந்தால், பிரிக்குமுன் ஒருதரம் வயிறு கலங்கத்தான் செய்கிறது. காணி உறுதியும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் அம்மா ஓடும்போது காவிய அதே பழைய பையில்தான் இன்னமும் இருக்கின்றன, கட்டிலுக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில். முதிரை அலுமாரி வாங்கியும் அதற்குள் வைக்க மனம் வரவில்லை.

ஆச்சிக்கு அதிர்ச்சி வீடு திரும்பும் வரைக்கும்தான். மறுநாள் கடைக்கு வந்தவரிடம் வேறு ஒரு வேகம். பாட்டனை 51 வாரம் வேலை வாங்கிக் கலைத்துவிட்ட பண்ணைக்காரரின் வம்சம் இன்னும் அதே பண்ணையில் இருக்கிறதாம். இரண்டு நூற்றாண்டுக்கு முந்திய அந்த அநியாயத்துக்காக, முட்டை கொண்டுவரும் மனுசனோடு ஆச்சி இப்போது முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. வேலிச் சண்டையைப் பரம்பரையாக நடத்திய யாழ்ப்பாணத்தான் நான், எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடிவிட்டது. பூ வைக்கும் முறையைப் பறித்த குடும்பத்தைப் பற்றி மூச்சே இல்லை.

இனி உன் முறை என்று ஒரு பெரிய தாளை என்முன் விரித்தார். அப்பா, அப்பப்பா, அதற்கு மேல் பென்சில் நகரவில்லை. தொரன்ரோவில் இருக்கும் பெரியம்மாவை அழைத்தேன். கட கடவென்று கொட்டினார்: சுருட்டுக்காரத் தம்பு, அவருக்குத் தமையன் கப்பல் மாமா, அவரின் பெண்சாதி கீரிமலையாள். வருடம் கேட்டால், “அது புயலுக்கு முந்தி.” எந்தப் புயல்? “உது தெரியாதே? அறுபத்துநாலுப் புயல்!” ஆச்சி பக்கத்தில் நின்று, ஞானஸ்நானத் தேதி கேள் என்று என்னை இடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் விடிய நாலு மணிக்குப் பெரியம்மாவின் அழைப்பு. குரல் தாழ்ந்து இருந்தது.

“அப்ப துடக்கம் யோசிச்சனான் தம்பி. உந்த வம்சம் எல்லாம் விசாரிக்கிறதெண்டால் சும்மா இராது. பெட்டைக்குக் கலியாணம் பேசுறியளோ? எந்த ஊர் ஆக்கள்?”