ஐடில் நேரம் அரை மணி, டிஸ்கனெக்ட் நேரம் மூன்று மணி: விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் ஏன் இப்படி?

"சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் திறந்து வைத்திருந்த எக்செல் எல்லாம் போச்சு" என்கிறார் யூசர். "ராத்திரி யாருமே இல்லை, மெஷின்கள் மட்டும் ஏன் ஓடுகின்றன?" என்கிறது நிர்வாகம். விர்ச்சுவல் டெஸ்க்டாப் (கிளவுட் மெஷினில் ஓடும் டெஸ்க்டாப்பைத் தொலைவிலிருந்து பயன்படுத்துவது) உள்ள அலுவலகங்களில் இந்த இரண்டு புகாரும் ஓயாது. செஷன் (ஒருவர் உள்ளே நுழைந்தது முதல் லாக் ஆஃப் ஆகும்வரை) நேரங்களை ஒழுங்காக வைத்தால் இரண்டுமே பெரும்பாலும் அடங்கிவிடும். மைக்ரோசாஃப்டின் அஸூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில், ஒரே மெஷினைப் பலர் பகிரும் பூல்டு ஹோஸ்ட்களை வைத்தே இங்கே சொல்கிறேன்.

ஓடுவது இரண்டு கடிகாரங்கள். முதலாவது ஐடில் கடிகாரம். கீபோர்டு, மவுஸ் இரண்டும் அசையாமல் இருந்த நேரத்தை மட்டுமே அது எண்ணும். பின்னால் மேக்ரோ ஓடி சிபியு முழுக்க நிரம்பியிருந்தாலும், ஒருவர் ஒரு மணி நேரம் பயிற்சி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாலும், விண்டோஸ் கணக்கில் அவர் சும்மா இருக்கிறார். நேரம் முடிந்ததும் 2 நிமிட எச்சரிக்கை வரும். அது ரிமோட் விண்டோவுக்குள்தான் வரும் என்பதால், விண்டோவைச் சுருக்கி வைத்தவர் கண்ணில் படாது. பிறகு செஷன் டிஸ்கனெக்ட் ஆகும். இதில் எதுவும் அழிவதில்லை; மேக்ரோ தொடர்ந்து ஓடும், திரும்ப உள்ளே வந்தால் எல்லாம் விட்ட இடத்தில் இருக்கும்.

அந்த நொடியில் இரண்டாவது கடிகாரம் தொடங்குகிறது. அது முடிந்தால் லாக் ஆஃப், அதாவது செஷனே மூடப்படும். சேமிக்காத வேலை போவது இங்கேதான். ஆகவே முதல் நேரத்தைக் குறைவாகவும் இரண்டாவதைத் தாராளமாகவும் வைக்க வேண்டும். 30 நிமிடம், 3 மணி நேரம் என்ற ஜோடி பெரும்பாலான அலுவலகங்களுக்குப் பொருந்தும். மதியச் சாப்பாடும் ஒரு நீண்ட மீட்டிங்கும் சேர்ந்தாலும் வேலை பத்திரமாக இருக்கும்.

இதை ஹோஸ்ட் பூல் (ஹோஸ்ட்களின் தொகுப்பு) பக்கத்தில் தேடாதீர்கள். குரூப் பாலிசியில் (விண்டோஸ் அமைப்புகளை மொத்தமாக நிர்வகிக்கும் வசதி) ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், அதற்குள் செஷன் ஹோஸ்ட், அதற்குள் செஷன் டைம் லிமிட்ஸ் என்று போக வேண்டும். மைக்ரோசாஃப்டின் சாதன நிர்வாகச் சேவையான இன்ட்யூனிலும் இதே அமைப்புகள் உண்டு. எதையும் தொடாமல் விட்டால் வரம்பே கிடையாது. டிஸ்கனெக்ட் ஆன செஷன் ஹோஸ்டை ரீஸ்டார்ட் செய்யும்வரை மெமரியைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். விண்டோஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ஸ்கிரிப்ட் மூலம் எழுதுபவர்கள் கவனிக்க: மதிப்பு மில்லிசெகண்டில். 30 நிமிடம் என்றால் 1800000, மூன்று மணி என்றால் 10800000.

அதே இடத்தில் "நேர வரம்பு முடிந்தால் செஷனை முடித்துவிடு" என்ற பொருள்படும் அமைப்பும் இருக்கும். அதை எனேபிள் செய்யவே செய்யாதீர்கள். செய்தால் ஐடில் நேரம் முடிந்ததும் டிஸ்கனெக்ட் ஆகாமல் நேரே லாக் ஆஃப் ஆகும். மேலே சொன்ன எக்செல் புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கம்ப்யூட்டர் பக்கம், யூசர் பக்கம் இரண்டிலும் இதே அமைப்புகள் உண்டு. இரண்டிலும் வைத்தால் கம்ப்யூட்டர் பக்கமே வெல்லும். ஒரு துறைக்கு மட்டும் கூடுதல் நேரம் தர வேண்டுமானால், கம்ப்யூட்டர் பக்கத்தைக் காலியாக விட்டு எல்லோருக்கும் யூசர் பக்கத்திலேயே வையுங்கள்.

பில் விஷயத்தில், தேவைக்கேற்ப ஹோஸ்ட்களை இயக்கி நிறுத்தும் ஆட்டோஸ்கேல் சேர்ந்துகொள்கிறது. மாலையில் ஹோஸ்ட்களைக் குறைக்கும் கட்டத்தில், எப்போது மெஷினை நிறுத்துவது என்று அது கேட்கும். ஆக்டிவ், டிஸ்கனெக்டட் இரண்டு வகை செஷனும் இல்லாதபோது என்பது ஒன்று. ஆக்டிவ் செஷன் இல்லாதபோது என்பது மற்றொன்று. இரண்டாவதைத் தேர்ந்தால் டிஸ்கனெக்ட் ஆன செஷன்களோடு சேர்த்தே மெஷின் நிற்கும். நீங்கள் கொடுத்த 3 மணி நேரத்துக்கு அங்கே மதிப்பில்லை. முதலாவதைத் தேர்ந்தால் டிஸ்கனெக்ட் நேரம் முடியும்வரை மெஷின் காத்திருக்கும். வரம்பே வைக்கவில்லை என்றால் விடிய விடிய ஓடும். முதலாவதோடு 3 மணி வரம்பு வைப்பதே என் பரிந்துரை. கூடுதலாகும் செலவு, யாரோ ஒருவருடைய ஒரு நாள் வேலை அழிவதைவிடக் குறைவு.

எஃப்எஸ்லாஜிக்ஸ் (யூசரின் புரொஃபைலை, அதாவது அவருடைய அமைப்புகளையும் கோப்புகளையும், தனி டிஸ்கில் வைக்கும் கருவி) இருந்தால் இன்னொரு சிக்கல். லாக் ஆஃப் ஆகும்வரை புரொஃபைல் டிஸ்க் அந்த ஹோஸ்டிலேயே பூட்டிக் கிடக்கும். ஒரே பூலில் இது தெரியாது, யூசரை எந்த ஹோஸ்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் புரோக்கர் பழைய செஷனுக்கே கொண்டுபோய்விடும். அதே புரொஃபைல் ஷேரை (டிஸ்குகள் இருக்கும் பகிர்வு ஃபோல்டர்) பயன்படுத்தும் வேறொரு பூலில் ரிமோட்ஆப் (முழு டெஸ்க்டாப் இல்லாமல் ஒரு செயலி மட்டும்) திறந்தால்தான் புரொஃபைல் ஏறாமல் மாட்டிக்கொள்ளும். பூலுக்கு ஒரு ஷேர் கொடுப்பதே நல்லது.

பலரைக் குழப்புவது ஸ்கிரீன் லாக். மைக்ரோசாஃப்டின் உள்நுழைவுச் சேவையான என்ட்ரா ஐடி மூலம் சிங்கிள் சைன்-ஆன் (ஒருமுறை அடையாளம் காட்டினால் போதும்) வைத்திருந்தால், செஷன் லாக் ஆகும்போது லாக் திரைக்குப் பதிலாக டிஸ்கனெக்ட் ஆவதே இயல்பான நடத்தை. ஐடில் 30 நிமிடம் என்று வைத்தும் 15 நிமிடத்தில் வெளியே தள்ளுகிறது என்றால், மெஷின் இன்ஆக்டிவிட்டி லிமிட் (சும்மா இருந்தால் திரையை லாக் செய்யும் விண்டோஸ் அமைப்பு) 900 செகண்டாக இருக்கிறதா என்று பாருங்கள். கார்டு தகவல் பாதுகாப்பு விதியான பிசிஐ டிஎஸ்எஸ் 15 நிமிடத்துக்கு மேல் சும்மா இருந்தால் மறுபடி அடையாளம் உறுதிசெய்யத்தான் கேட்கிறது. அதற்கு லாக் போதும், லாக் ஆஃப் வேண்டாம். 5, 10 நிமிடம் என்று ஐடில் நேரத்தை நெருக்கினால் மக்கள் மவுஸ் ஜிக்லர் (மவுஸைத் தானாக அசைக்கும் கருவி) வாங்கி மாட்டுவார்கள். அதன்பின் ஸ்கிரீன் லாக்கும் வேலை செய்யாது, பாதுகாப்பு முன்பைவிட மோசம்.

யாரோ "அடிக்கடி வெளியே தள்ளுகிறது" என்றால் ஊகிக்க வேண்டாம். விண்டோஸ் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் டெர்மினல் சர்வீசஸ் லோக்கல் செஷன் மேனேஜரின் ஆப்பரேஷனல் லாக்கைத் திறந்து 40-ஆம் எண் ஈவென்ட்டைப் பாருங்கள். காரணக் குறியீடு 3 என்றால் ஐடில் வரம்பு. 5 என்றால் அதே செஷனை வேறொரு இணைப்பு எடுத்துக்கொண்டது. வீட்டு லேப்டாப்பிலும் ஆபீஸ் கணினியிலும் மாறி மாறித் திறப்பவர்களுக்கு இது வரும். 0 என்றால் கூடுதல் தகவல் இல்லை. அப்போது பாலிசியை விட்டுவிட்டு நெட்வொர்க்கைப் பாருங்கள். 23-ஆம் எண் லாக் ஆஃப், 24 டிஸ்கனெக்ட். இரண்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று பார்த்தால் இரண்டாவது கடிகாரம் நீங்கள் வைத்தபடி ஓடுகிறதா என்பது தெரிந்துவிடும்.