சமாரியா பள்ளத்தாக்கு: செடிகள் கொள்ளை அழகு, டாக்ஸி பகல் கொள்ளை

கிரீஸின் கிரீட் தீவுக்குப் போனால் கடற்கரையில் குடை வாடகைக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்து, சமாரியாவில் நடங்கள். மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். 1,200 மீட்டருக்கும் மேலே ஸிலோஸ்கலோவில் தொடங்கி ஆயியா ரூமெலி கடற்கரை வரை 16 கிலோமீட்டர் இறக்கம். முட்டி கழன்றுவிடும், ஆனால் போங்கள்.

கல்லூரியில் ஸீரோஃபைட், காஸ்மோஃபைட் என்று உருப்போட்டேனே, அவையெல்லாம் இங்கே உயிரோடு நிற்கின்றன! கிரேக்க மொழியில் ஃபைட்டோன் என்றால் செடி. முன்னால் ஒட்டிக்கொள்வது அது வளரும் இடம் அல்லது சூழல். ஸீரோஸ் வறட்சி, காஸ்மா பாறைப் பிளவு. மண்ணே இல்லாத செங்குத்துப் பாறை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு போர்த்திய வட்ட இலைகளோடு திக்தாமோ என்ற மூலிகை தொங்குகிறது. கிரீட்டைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராது. அம்பு பட்ட ஆடு இதைத் தின்றால் அம்பு கழன்று விழும் என்று பண்டைய கிரேக்கத் தாவர அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். பறிக்கக் கூடாது, பார்க்கலாம்.

கீழே ஓடைப் படுகையில் நம்ம அரளி! கோயில் நந்தவனத்தில் பார்த்தே பழகிய கண்ணுக்கு, அது காட்டுச் செடியாகக் கல்லுக்கு நடுவே நிற்பது வேடிக்கைதான். அதன் பேரினப் பெயர் நீரியம். கிரேக்கர்கள் தண்ணீரை நேரோ என்கிறார்கள். ஓடைக்கரையில் பார்த்ததும் பொருத்தமாகத்தான் பட்டது.

சுவர்கள் 300 மீட்டர் எழும்பி, பாதை நாலே மீட்டராகக் குறுகும் இடத்தைப் பற்றி எழுத நினைத்தேன். பசி ஞாபகம் வந்துவிட்டது. ஆயியா ரூமெலியில் ஸ்தாம்னகாதி கீரை: வேகவைத்து, ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை, அவ்வளவுதான். அப்படி ஒரு கசப்பு ருசி! பெயருக்குக் குடமுள் என்று பொருள். பூச்சி விழாமல் தண்ணீர்க் குடத்தின் வாயை இந்த முள்செடியால் மூடுவார்களாம். இதற்குப் பெயர் வைக்கும்போது மட்டும் வளரும் இடத்தை விட்டுவிட்டு உபயோகத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆயியா ரூமெலிக்குச் சாலை கிடையாது. படகில் சூயா என்ற ஊருக்குப் போனால் பஸ் நிரம்பிவிட்டது. டாக்ஸிக்காரர் ஹான்யா நகருக்குக் கேட்டது 130 யூரோ! பேரம் பேசினால் ஜன்னலை ஏற்றுகிறார். முன்பின் தெரியாத மூன்று பேரோடு பங்கு போட்டும் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு போச்சு. வழியெல்லாம் ஃப்ரிகானா, முள்ளும் தைமுமாகக் குட்டைப் புதர்க்காடு. சுள்ளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். எரிச்சலில் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

சரி, உபயோகமாக ஒன்று: தண்ணீர் பாட்டிலை அடுக்கிக்கொண்டு போகாதீர்கள். வழியில் ஊற்றுகள் உண்டு, இலவசம்.