எட்டுக் கருவிகளும் ஒரு கேபிளும்

அச்சில் இல்லாமற்போன பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து, பிழை திருத்தி, புதிதாக லேஅவுட் செய்து பதிப்பகங்களுக்குக் கொடுப்பது என் தொழில். வீட்டு மேசையில் ஒரு 4கே மானிட்டர், ஒரு சாதாரண ஃபுல் எச்டி மானிட்டர், கீபோர்டு, ஒயர்லெஸ் மவுஸ், ஸ்கேனர், வெளி ஹார்ட் டிஸ்க், ஹெட்செட், இணையத்துக்கான லேன் கேபிள் என்று எட்டு இணைப்புகள் இருக்கின்றன. மடிக்கணினியில் இருப்பதோ யுஎஸ்பி ஏ போர்ட் இரண்டு, யுஎஸ்பி சி ஒன்று, எச்டிஎம்ஐ ஒன்று. அச்சகத்துக்கு மடிக்கணினியை எடுத்துச் செல்லும் நாட்களில் காலையில் எல்லாவற்றையும் பிடுங்குவதும் மாலையில் மீண்டும் செருகுவதுமாக இரண்டு ஆண்டுகள் கழிந்ததில், யுஎஸ்பி ஏ போர்ட்டில் ஒன்று தளர்ந்துபோய், பென் டிரைவைச் செருகினால் ஆடத் தொடங்கியது. ஒரே கேபிளில் எல்லாவற்றையும் இணைத்துவிட வேண்டும் என்று அப்போதுதான் முடிவெடுத்தேன். அதற்கு எனக்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது.

இதற்கென்றே இருப்பது டாக்கிங் ஸ்டேஷன், சுருக்கமாக டாக்: கருவிகளையெல்லாம் தன்னில் செருகிக்கொண்டு ஒரே கேபிளில் மடிக்கணினியோடு சேரும் பெட்டி. ஆனால் நான் முதலில் வாங்கியது அது அல்ல, உள்ளங்கையளவு யுஎஸ்பி ஹப். பார்த்தால் டாக்கில் உள்ள போர்ட்டுகளெல்லாம் அதிலும் இருந்தன. விலையோ நான்கில் ஒரு பங்குதான். ஆனால் அதற்கென்று தனி மின் இணைப்பு கிடையாது. மடிக்கணினி கொடுக்கும் மின்சாரத்தைத்தான் அது எல்லாக் கருவிகளுக்கும் பங்கிட வேண்டும். என் மடிக்கணினியின் சி போர்ட் தருவது 5 வோல்ட்டில் 1.5 ஆம்பியர். ஹார்ட் டிஸ்க் ஒன்றே 0.9 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளும். என் ஸ்கேனருக்கும் தனி அடாப்டர் இல்லாததால் அதற்கு 0.5 ஆம்பியர் போய்விடும். மீதமிருப்பதைக் கொண்டு லேன், கீபோர்டு, மவுஸ், ஹப்பின் உள்ளே இருக்கும் சிப்புகள் எல்லாம் பிழைக்க வேண்டும். ஸ்கேனரின் விளக்கு எரிந்து நகரத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக்' என்று ஓர் ஒலி கேட்கும். ஒரு நொடி அமைதி. பிறகு அது மீண்டும் சுழலத் தொடங்கும். கணினியின் திரையில் டிரைவ் மறைந்து மறுபடி தோன்றும். அப்படி ஒருமுறை மறைந்தபோது பாதி நகலாகியிருந்த ஒரு நூலின் பக்கங்கள் திறக்க முடியாதவையாகிவிட்டன. அன்று மாலை முழுவதும் மறுபடி ஸ்கேன் செய்தேன். நூல் எழுபது ஆண்டுப் பழையது. தாளின் ஓரங்கள் ஒவ்வொரு புரட்டலிலும் உதிர்ந்தன. அந்த இரண்டாவது புரட்டலை அந்த நூலுக்கு நான் கொடுத்திருக்கவே கூடாது.

ஆகவே தனி அடாப்டரோடு வரும் டாக் ஒன்றைத் தேடி, சென்னையில் கணினிப் பொருட்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே, "சார், லேப்டாப்பைக் கையோட கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்ததும் திருப்பி, சி போர்ட்டின் பக்கத்தில் அச்சிட்டிருந்த குறியைத்தான் முதலில் பார்த்தார். ஆங்கில டி எழுத்துக்குள் பி எழுத்து இருப்பதுபோல் ஒரு குறி இருந்தால் அந்தப் போர்ட் வழியாகத் திரைக்கான சிக்னல் வரும். மின்னல் குறி இருந்தால் அது தண்டர்போல்ட் என்ற அதிவேக வகை. வெறும் யுஎஸ்பி முத்திரை மட்டும் இருந்தால் பெரும்பாலும் தரவு மட்டுமே செல்லும். என்னுடையதில் டிபி குறி இருந்தது, மின்னல் குறி இல்லை. "தண்டர்போல்ட் டாக் உங்களுக்கு வேண்டாம், காசு வீண்" என்று சொல்லி, அதைவிடக் குறைந்த விலையில் ஒன்றை எடுத்து வைத்தார். அவர் சொன்னது முற்றிலும் சரி. தண்டர்போல்ட் 3, 4 இரண்டும் நொடிக்கு 40 ஜிகாபிட் கடத்தக்கூடியவை. ஆனால் கணினியிலும் அந்த வசதி இருந்தால்தான் அந்த வேகம் கிடைக்கும். நான் வாங்கிய டாக்கின் அடாப்டர் 120 வாட். அதில் 85 வாட் வரை மடிக்கணினிக்குப் போகும். என் மடிக்கணினிக்கு 65 வாட் போதும் என்பதால், பழைய சார்ஜரை நிரந்தரமாகப் பையிலேயே வைத்துக்கொள்ள முடிந்தது.

வீட்டுக்கு வந்து, முதலில் டாக்கை மின்சாரத்தில் இணைத்து, பிறகு அதன் கேபிளை மடிக்கணினியில் செருகி, வேறு எதையும் இணைக்காமல் விண்டோஸ் புதுப்பிப்பு முடியும்வரை காத்திருந்தேன். அதன்பின் ஒவ்வொரு கருவியாகச் சேர்த்தேன். எட்டையும் ஒன்றாகச் செருகிவிட்டு எது கோளாறு என்று தேடுவதைவிட, ஒன்றைச் சேர்த்து ஐந்து நிமிடம் பயன்படுத்திப் பார்த்து அடுத்ததற்குப் போவதே நல்லது. இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

இருந்தும் முதல் தடுமாற்றம் கேபிளிலேயே வந்தது. டாக்கோடு வந்த கேபிளின் நீளம் 80 சென்டிமீட்டர்தான். டாக்கை மேசைக்கு அடியில் வைக்க விரும்பியதால், கைப்பேசி சார்ஜருடன் வந்த இரண்டு மீட்டர் கேபிளை மாட்டினேன். இரு முனைகளும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருந்தன. மடிக்கணினி சார்ஜ் ஆனது, கீபோர்டு வேலை செய்தது, ஆனால் மானிட்டர் இருண்டே கிடந்தது. டாக் பழுது என்று எண்ணி மறுநாளே கடைக்குக் கிளம்பத் தயாராகிவிட்டேன். இரவில் டாக்கோடு வந்த கேபிளையே மறுபடி மாட்டிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. யுஎஸ்பி சி முனையில் 24 பின்கள் உண்டு. ஆனால் சார்ஜ் செய்வதற்கென்று வரும் பல கேபிள்களில் மின்சாரத்துக்கும் பழைய யுஎஸ்பி 2.0 தரவுக்கும் உரிய கம்பிகள் மட்டுமே உள்ளே இருக்கும். திரைக்கான சிக்னல் செல்லும் அதிவேகக் கம்பிகளே அதில் இல்லை. மின்சாரத்திலும் இதே கதைதான்: 3 ஆம்பியருக்கு மேல் கடத்த வேண்டுமானால் கேபிளின் முனைக்குள் தன் தகுதியைச் சொல்லும் ஒரு சிறு சிப் இருக்க வேண்டும், அது இல்லையென்றால் எவ்வளவு பெரிய அடாப்டர் இருந்தாலும் 60 வாட்டோடு நின்றுவிடும். கேபிளை நீட்டும் எண்ணத்தை விட்டுவிட்டு, டாக்கையே மேசைக்கு மேலே, மடிக்கணினியின் பின்புறம் கொண்டுவந்து வைத்தேன்.

அடுத்தது 4கே மானிட்டர். படம் வந்தது, ஆனால் மவுஸின் அம்புக்குறி இழுபட்டு நகர்ந்தது, பக்கத்தை உருட்டும்போது எழுத்துகள் அதிர்ந்தன. அரை மணி நேரம் பிழை திருத்தியதும் கண் எரிந்தது. விண்டோஸின் திரை அமைப்பில் கூடுதல் விவரங்களைத் திறந்து பார்த்தபோது, திரை 60 ஹெர்ட்ஸுக்குப் பதில் 30 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறைக்குப் பதில் 30 முறை மட்டும் படத்தைப் புதுப்பித்து, ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. இரண்டாவது மானிட்டரையும் இணைத்ததும் அது 'சிக்னல் இல்லை' என்று காட்டிவிட்டு அணைந்தது.

இந்த இடத்தில்தான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட். நொடிக்கு 60 முறை. பெருக்கினால் ஏறக்குறைய 12 ஜிகாபிட் வருகிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் விடும் வெற்று நேரத்தையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். ஃபுல் எச்டி திரைக்கு 3 ஜிகாபிட்டுக்குச் சற்று மேல். இனி, வழி எவ்வளவு அகலம் என்று பார்க்க வேண்டும். யுஎஸ்பி சி கேபிளில் அதிவேகத் தடங்கள் நான்கு. வேகமான யுஎஸ்பியையும் காட்சியையும் ஒன்றாகக் கொண்டுசெல்லும் டாக்குகளில் இரண்டு தடங்கள் யுஎஸ்பிக்கும் இரண்டு தடங்கள் காட்சிக்கும் போய்விடுகின்றன. என் மடிக்கணினியில் காட்சியை அனுப்பும் முறையான டிஸ்ப்ளேபோர்ட் (அந்த டிபி குறி இதைத்தான் சொல்கிறது) 1.2 வகை, ஒரு தடத்தில் 5.4 ஜிகாபிட். அதிலும் ஒவ்வொரு பத்துப் பிட்டில் எட்டே உண்மையான தரவு என்பதால், இரண்டு தடங்களிலும் சேர்ந்து பயனுக்கு வருவது 8.64 ஜிகாபிட் மட்டுமே. பன்னிரண்டு அதில் நுழையாது. பாதியாக்கி 30 ஹெர்ட்ஸில் அனுப்பினால் ஆறு நுழையும். அதன்மேல் இன்னொரு மூன்றைச் சேர்த்தால் மறுபடி நிரம்பி வழியும். நான் கண்ட கோளாறு ஒவ்வொன்றும் இந்தக் கணக்கில் அப்படியே இருந்தது. டாக்கின் பெட்டியில் '4கே' என்று போட்டிருந்ததும் பொய்யில்லை. எத்தனை ஹெர்ட்ஸ், எந்தக் கணினியோடு என்பது பின்புறத்துச் சிறிய எழுத்துகளில் இருந்தது.

இரண்டு வழிகள் இருந்தன. நான்கு தடங்களையும் காட்சிக்கே ஒதுக்கும் டாக்குகள் உண்டு. அப்படிச் செய்தால் இரு திரைகளும் முழு வேகத்தில் ஓடும், ஆனால் யுஎஸ்பி வேகம் 480 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டாக வேண்டும். முந்நூறு பக்கச் சிறு நூலொன்றை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் 15 ஜிகாபைட்டைத் தாண்டும். அதை ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுக்க இப்போது இரண்டரை நிமிடம் போதும், யுஎஸ்பி 2.0 வேகத்தில் ஏழெட்டு நிமிடம் பிடிக்கும். நாள்தோறும் அந்தக் காத்திருப்பை நான் விரும்பவில்லை. ஆகவே 4கே மானிட்டரை மடிக்கணினியின் எச்டிஎம்ஐ 2.0 போர்ட்டிலேயே நேரடியாக இணைத்தேன். அது 60 ஹெர்ட்ஸைத் தாராளமாகக் கொடுக்கிறது. ஃபுல் எச்டி மானிட்டர் மட்டும் டாக்கில். ஒரு கேபிள் என்ற ஆசை இரண்டு கேபிளாக முடிந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

மவுஸ் தனியாகத் தொல்லை கொடுத்தது. ஹார்ட் டிஸ்க்கில் நகல் ஓடும்போது மட்டும் அம்புக்குறி துள்ளித் துள்ளிப் போகும். நகல் முடிந்ததும் சரியாகிவிடும். பேட்டரியை மாற்றிப் பயனில்லை. யுஎஸ்பி 3.0 இயங்கும்போது அதிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது என்பதை இன்டெல் நிறுவனம் 2012லேயே ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. என் மவுஸும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. அதன் ரிசீவரை ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்துப் போர்ட்டிலேயே செருகியிருந்தேன். ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, ரிசீவரை மானிட்டரின் காலடிக்குக் கொண்டுவந்து வைத்ததும் தீர்ந்தது.

லேன் கேபிளில் சிக்கல் சிறியது. டாக்குக்கென்று தனி மேக் முகவரி, அதாவது பிணையத்தில் கருவியை அடையாளம் காட்டும் எண், இருப்பதால், அனுமதித்த கருவிகளை மட்டும் ஏற்கும்படி வைத்திருந்த என் ரூட்டர் அதை அந்நியமாகக் கருதித் தடுத்தது. பட்டியலில் புதிய முகவரியைச் சேர்த்ததும் இணையம் வந்தது. ஹெட்செட்டுக்குச் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் ஒலி அமைப்பில் டாக்கைத் தேர்ந்தெடுப்பது மட்டும்.

நான் எதிர்பாராத ஒன்று கடைசியில் மின்வெட்டின்போது வந்தது. மடிக்கணினியில் பேட்டரி இருப்பதால் மின்சாரம் போனால் கவலையில்லை என்றே நினைத்திருந்தேன். ஆனால் டாக் அணைந்தால் அதில் தொங்கும் ஹார்ட் டிஸ்க்கும் அதே நொடியில் அறுந்துபோகிறது. மடிக்கணினி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். தரவுக்கு இதைவிடக் கேடான நிலை இல்லை. ஒரு 600 விஏ யுபிஎஸ் வாங்கி, டாக்கின் அடாப்டரையும் ரூட்டரையும் மட்டும் அதில் மாட்டினேன்; மானிட்டர்களை வெளியே விட்டேன், அவை அணைந்தால் எதுவும் இழப்பில்லை. போன வாரம் மதியம் பத்து நிமிடம் மின்சாரம் போயிற்று. இரு திரைகளும் இருண்டன, மின்விசிறி நின்றது. அந்த அமைதியில் ஹார்ட் டிஸ்க் சீராகச் சுழலும் ஒலி கேட்டது. மடிக்கணினியின் சிறிய திரையில் பச்சைப் பட்டை நகர்ந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த பக்கத்தை ஸ்கேனரில் கவிழ்த்தேன்.