பவுணும் நானும் செய்யும் இரக்கச் செயல்

பசித்தோருக்கு உணவளித்தல், தாகமுற்றோருக்குத் தண்ணீர் கொடுத்தல் என்று தொடங்கும் ஏழு உடல்சார்ந்த இரக்கச் செயல்களை மறைக்கல்வி வகுப்பில் நாங்கள் ஒரே மூச்சில் ஒப்புவிப்போம். நோயுற்றோரைச் சந்தித்தல் அவற்றுள் ஒன்று. நாயையும் கூட்டிக்கொண்டு போ என்று அந்தப் பட்டியலில் எங்கும் சொல்லப்படவில்லை. ஆனாலும் கனடாவின் ஸ்காபரோவில் முதியோர் வாழும் ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்கு, பவுண் என்னும் என் லாப்ரடோர் நாயோடு நான் போய்வருவதை அந்த இரக்கச் செயலாகவே எண்ணிச் செய்து வருகிறேன். எங்கள் கோவில் பங்கில் சிலருக்கு இது விளங்குவதில்லை. "நாய் வளர்க்கிற ஆசைக்குப் பக்தி என்று பேர் வைக்கிறீர்களோ?" என்று ஒருவர் பகிடியாகவே கேட்டார். பகிடியாக இருந்தாலும் கேள்வி நியாயமானது. திருப்பலி முடிந்து வாகனத் தரிப்பிடத்தில் நின்றபடி அதற்குப் பதில் சொல்லி முடிக்க இயலாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

விவிலியத்தில் நாய்க்கு நல்ல பெயர் அதிகமில்லை. இயேசு சொன்ன உவமையில் ஏழை இலாசரின் புண்களை நக்கும் நாய்கள் அவனது கேவல நிலையைக் காட்டுவதற்காகவே அங்கு வருகின்றன என்றுதான் பலரும் விளக்கம் சொல்கிறார்கள். கானானியப் பெண்ணின் வாயில் வரும் நாய்க்குட்டிகளும் மேசையிலிருந்து விழும் துண்டுகளுக்குக் காத்திருப்பவையே. எனக்குப் பிடித்த நாய் தோபித்து நூலில் இருக்கிறது. புரட்டஸ்தாந்து சகோதரர்களின் விவிலியத்தில் இந்த நூல் இல்லாததால் அவர்கள் இந்த நாயை அறியாமலிருக்கலாம். பார்வை இழந்த தந்தையின் பணத்தை மீட்டுவர இளைஞன் தோபியா நெடும்பயணம் புறப்படுகிறான். மனித உருவில் வந்த இரபேல் வானதூதர் வழித்துணையாகிறார். வீட்டு நாயும் அவர்களோடு புறப்பட்டுப் போகிறது. திரும்பி வரும்போதும் அது அவர்கள் பின்னே வருகிறது. அந்த நாய் யாரையும் காப்பாற்றவில்லை, குரைத்து எச்சரிக்கவில்லை, கதையில் எதையும் மாற்றவுமில்லை. கூடப் போனது, கூட வந்தது. தூய பவுலின் மடல்களை எத்தனையோ தரம் வாசித்தும் எனக்குப் பிடிபடாத ஒன்றை அந்த நாய் கற்றுத் தந்தது என்று சொன்னால் எங்கள் பங்குத்தந்தை முகம் சுளிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

நோயாளரிடம் நாயைக் கூட்டிச்செல்லும் இந்த வழக்கத்தின் தொடக்கத்திலும் ஒரு குருவானவர் இருக்கிறார். இங்கிலாந்தில் பணிபுரிந்த எலெய்ன் சிமித் என்ற அமெரிக்கத் தாதி, மருத்துவமனையின் ஆன்ம குரு தமது கோல்டன் றிற்றீவர் நாயோடு வரும் வேளைகளில் நோயாளர்கள் உற்சாகமடைவதைக் கவனித்து, தாய்நாடு திரும்பியபின் 1976இல் தெரப்பி நாய்களுக்கான அமைப்பொன்றைத் தொடங்கினார். கனடாவில் நான் சேர்ந்திருப்பது சென். ஜோன்ஸ் அம்புலன்ஸ் நடத்தும் திட்டத்தில். அது 1992இல் ஒன்ராறியோவின் பீற்றர்பறோ நகரில் தொடங்கப்பட்டது. முதலுதவி படிப்பித்த சென். ஜோன்ஸ் படையை இலங்கையில் பள்ளிக்கூடம் போனவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எட்டு முனைகள் கொண்ட அந்த வெள்ளைச் சிலுவையின் வேர், யெருசலேமில் திருப்பயணிகளுக்காக 11ஆம் நூற்றாண்டில் நடத்தப்பட்ட மருத்துவ விடுதியில் இருக்கிறது. அதை நடத்திய துறவற சபையை 1113இல் திருத்தந்தை இரண்டாம் பாஸ்கால் அங்கீகரித்தார். அந்தச் சகோதரர்கள் நோயாளர்களை "எங்கள் தலைவர்களான நோயாளர்" என்று அழைத்தார்கள். படுக்கையில் கிடப்பவர் ஆண்டவர், பணிபுரிபவர் அடியார் என்பதே அவர்களின் ஒழுங்கு. இன்றைய அமைப்பு எந்த மதத்தினரையும், மதமே இல்லாதவரையும் தொண்டராக ஏற்கும் பொது நிறுவனம்தான். ஆயினும், விசுவாசத்திற்காகவும் மனிதகுலப் பணிக்காகவும் என்று பொருள்படும் இலத்தீன் விருதுவாக்கு அவர்களிடம் இன்னும் இருக்கிறது. அதன் முதற்பாதியை நான் மனதுக்குள் வைத்துக்கொள்கிறேன். பிற்பாதியை மட்டும் இல்லத்துக்குள் எடுத்துப் போகிறேன்.

நாய்க்கு வைக்கும் மதிப்பீட்டைப் பற்றிப் பலரும் ஆவலோடு கேட்கிறார்கள். அது வித்தை காட்டும் பரீட்சை அன்று. முன்பின் தெரியாதவர் முரட்டுத்தனமாகத் தலையைத் தடவினாலும், பின்னால் உலோகத் தட்டு விழுந்தாலும், ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் உரசிக்கொண்டு போனாலும், எதிரே இன்னொரு நாய் வந்தாலும், நிலத்தில் தின்பண்டம் கிடந்தாலும் நாய் பதறாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். நாயை மட்டுமன்றி அதைப் பிடித்திருப்பவரையும் சேர்த்தே மதிப்பிடுவார்கள். சான்றிதழ் இருவருக்கும் சேர்த்து ஒரு சோடியாகவே கிடைக்கும். என் தம்பி பவுணை வெளியே கூட்டிப் போகலாம், ஆனால் தொண்டுக்குக் கூட்டிப் போக முடியாது. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களுக்குச் சட்டப்படி உள்ள நுழைவுரிமையும் தெரப்பி நாய்களுக்குக் கிடையாது. அழைத்த இடத்துக்கு, அழைத்த நேரத்தில் மட்டுமே நாங்கள் போகலாம்.

போவதற்கு முதல்நாள் பவுணைக் குளிப்பாட்டி, நகங்களை வெட்டி, வெட்டிய முனைகளை அராவி மழுக்குவேன். வயோதிபர்களின் தோல் கடதாசி போன்றது; நகம் இலேசாகக் கீறினாலே உரிந்துவிடும். ஒவ்வோர் அறைக்குள்ளும் நுழையுமுன்னரும் வெளியே வந்த பின்னரும் கைகளுக்குக் கிருமிநீக்கி பூச வேண்டும். சக்கர நாற்காலியின் தடை போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தபின்னர்தான் பவுணை அருகில் விடுவேன். அவள் பக்கவாட்டில் போய் நின்று, கால்மிதியில் இருக்கும் பாதத்தைத் தொடாமல், நாற்காலியின் கைப்பிடியில் தாடையை வைத்துக்கொள்வாள். அதற்குமேல் எதுவும் செய்யமாட்டாள். கை வந்து தலையைத் தொடும்வரை பொறுத்திருப்பாள். வராவிட்டாலும் அவளுக்குக் குறையில்லை.

குருநகரைச் சேர்ந்த ஒரு அம்மா அந்த இல்லத்தில் இருக்கிறார். மறதிநோய் முற்றிப் பிள்ளைகளின் பெயர்களும் அவருக்குக் குழம்பிவிட்டன. செபமாலையைக் கையில் கொடுத்தால் மணிகளை உருட்டுவார், ஆனால் செபத்தின் வரிகள் பாதியில் அறுந்துபோகும். அறுந்தது தெரிந்து அழுவார். ஒருநாள் பவுண் கட்டிலோரம் தாடையை வைத்திருக்கையில், அவர் மணியை விட்டுவிட்டு அவளது காதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து, நுனியிலிருந்து அடிவரை மெல்ல உருட்டத் தொடங்கினார். ஒருமுறை உருட்டி முடியும்போது ஒரு "அருள் நிறைந்த மரியே" முடிந்தது. அடுத்ததற்கு மறுபடியும் நுனிக்குப் போனார். வரிகள் அறவேயில்லை என்று சொல்லமாட்டேன். இடையிடையே மடு மாதாவின் பெயரும் யாரோ ஒரு அன்னம்மாவின் பெயரும் கலந்து வந்தன. ஆனால் அவர் அழவில்லை. நானும் சேர்ந்து சொல்லலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது, வாயை மூடிக்கொண்டேன். அங்கே நான் செய்ய வேண்டியிருந்தது, வாரைத் தளர்த்திப் பிடிப்பதும் பவுணின் கழுத்து நோகாமல் பார்த்துக்கொள்வதுமே.

அதே மாடியில் நல்லூர்ப் பக்கத்து ஐயா ஒருவர், நெற்றியில் திருநீற்றோடு, கதவடியிலேயே காத்திருப்பார். முதல்முறை கண்டபோது "உது கடிக்குமோ, பிள்ளை?" என்று கேட்டவர், கடிக்காது என்று உறுதியானதும், "வைரவற்றை வாகனமெல்லோ, வரட்டும், வரட்டும்" என்று இரு கைகளையும் நீட்டினார். வீட்டுக் கோடியில் சூலம் நட்டு, வைரவருக்கு வடைமாலை சாத்திய கதைகளெல்லாம் அதன்பின் வந்தன. நான் கழுத்தில் சிலுவை அணிந்திருப்பது அவருக்குத் தெரியும், அவருடைய திருநீறு எனக்கும் தெரியும். அவருடைய நம்பிக்கைக்குள் பவுணுக்கு ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது. அதை நான் தேடிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இன்னொரு அறையில் ஒரு முஸ்லிம் தாயார் இருக்கிறார். நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவித் துப்புரவாக்க வேண்டும் என்பதால் தொடமாட்டார். தூரத்திலிருந்து பார்த்துச் சிரிப்பார். அவருடைய வாசலில் பவுணை இருத்திவிட்டு, நான் மட்டும் எட்டிப் பார்த்து நலம் விசாரிப்பேன். கதவடியில் நின்று "வரலாமா?" என்று கேட்பதுதான் இந்தத் தொண்டின் முதல் விதி. வேண்டாம் என்று சொல்லும் உரிமை, அந்த இல்லத்தில் வாழ்பவர்களிடம் எஞ்சியிருக்கும் மிகச் சில உரிமைகளுள் ஒன்று. எப்போது குளிப்பது, எதை உண்பது, யார் உடைமாற்றுவது என்பதெல்லாம் அவர்கள் கையை விட்டுப் போய்விட்டன.

இதை வேறு விதமாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். 2008 பெப்ரவரியில் வடக்கு இல்லினோய் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச்சூடு நடந்தபின், அங்கு சென்ற நாய்களின் அனுபவத்திலிருந்து அமெரிக்க லூத்தரன் திருச்சபை அறப்பணி அமைப்பொன்று கோல்டன் றிற்றீவர் நாய்களுக்கான நிரந்தரத் திட்டத்தைத் தொடங்கியது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் கொல்லப்பட்டபின் நியூட்டவுன் ஊருக்கும் அவை போயின. நாயின் நீலச் சட்டையில் "என்னைத் தடவுங்கள்" என்று எழுதியிருக்கும். கிறிஸ்துவின் பெயரால் வருகிறோம் என்பதை அவர்கள் மறைப்பதில்லை. அதை நான் குறைசொல்லவில்லை. அழைத்த இடங்களுக்கே போகிறார்கள், சாவுவீட்டில் போதனை செய்யாமல் இருக்கவும் தெரிந்திருக்கிறார்கள். ஆயினும் படுக்கையை விட்டு எழுந்து போக முடியாத ஒருவரிடம் என் விசுவாசத்தை எடுத்துச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. எழுந்து போக முடிந்தவருக்குத்தான் கேட்கவும் கேளாமலிருக்கவும் சுதந்திரம் உண்டு. அவராகக் கேட்டால் சொல்வேன். இதுவரை கேட்டவர்கள் அனேகமாகப் பவுணின் வயதைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊர்களில் நாய் முற்றத்தோடு சரி. விறாந்தையில் ஏறினாலே தும்புத்தடி பறக்கும். அப்படி வளர்ந்தவர்களிடம், நாய் கட்டிலோரம் வருவதை ஏற்கச் சொல்வது சின்ன விடயமன்று. அதைவிடக் கடுமையான ஆட்சேபம், நாய்க்குச் செலவழிக்கும் நேரத்தை மனிதருக்குச் செலவழிக்கலாமே என்பது. அந்த நேரம் மனிதரிடமே போகிறது என்பது என் பதில். 2020 மார்ச்சில் ஒன்ராறியோவின் பராமரிப்பு இல்லங்கள் வெளியாருக்குக் கதவடைத்தபோது, யன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று பெற்றோரைப் பார்த்தவர்களுக்கு, ஒருவர் அருகில் வந்து தொடுவது என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஆய்வுகளும் இருக்கின்றன. சஸ்கற்றூன் நகரிலுள்ள றோயல் யூனிவேசிற்றி மருத்துவமனையின் அவசரப் பிரிவில், சென். ஜோன்ஸ் நாய்கள் நோயாளரோடு பத்து நிமிடம் இருந்தபின் வலியும் பதற்றமும் குறைந்ததாக அவர்கள் தெரிவித்ததை, சஸ்காச்சுவான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்டார்கள். நோய் மாறியது என்று யாரும் சொல்லவில்லை, சொன்னால் நான் நம்பவும் மாட்டேன். பவுண் அற்புதம் செய்பவள் அல்லள்.

பவுணின் பக்கத்தையும் சொல்லவேண்டும். இந்தத் தொண்டுக்கு அவள் வார்த்தைப்பாடு கொடுக்கவில்லை. அவளுக்காக நான்தான் தீர்மானித்தேன். படைப்பை எங்களிடம் ஒப்படைத்த கடவுளுக்குக் கணக்குச் சொல்லவேண்டியவள் நான் என்பதால், அவளது களைப்பை அவள் சொல்லும் முறையில் கேட்கப் பழகியிருக்கிறேன். நித்திரை இல்லாத நேரத்துக் கொட்டாவி, எதுவும் தின்னாமல் உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் வெள்ளைவிழி தெரியப் பார்ப்பது ஆகியவை போதும் என்பதற்கான அறிகுறிகள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவளை அங்கே வைத்திருப்பதில்லை. இன்னும் இரண்டு அறைகள் பாக்கி இருந்தாலும், அங்கே காத்திருப்பவர்களின் முகம் வாடும் என்று தெரிந்தாலும், புறப்பட்டுவிடுவோம். பிறர் மகிழ்ச்சிக்காக வாயில்லாத பிராணியை வருத்திவிட்டு அதற்கு இரக்கச் செயல் என்று பெயர் சூட்ட எனக்கு மனம் வராது.

அவளுக்கு இப்போது இடுப்பெலும்பில் நோ தொடங்கியிருக்கிறது. மிருக வைத்தியர் வழுக்கும் தரைகளைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், பராமரிப்பு இல்லத்தின் தரையோ மினுக்கிய தரை. அடுத்த ஆண்டுச் சான்றிதழைப் புதுப்பிக்காமல் அவளுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று எண்ணுகிறேன். அதன்பிறகு, நோயாளருக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோகும் பணியாளர் குழுவில் சேரும்படி பங்குத்தந்தை கேட்டிருக்கிறார், சம்மதித்திருக்கிறேன். இந்தச் செய்தியை நல்லூர் ஐயாவிடம் சொல்லி, பவுண் வராவிட்டாலும் நான் தனியாக வந்து பார்ப்பேன் என்றேன். ஐயா அவளது தலையிலிருந்து கையை எடுக்காமலே, "நீ தனிய வந்து என்ன பிள்ளை செய்யப்போறாய்? நாங்கள் பாத்துக்கொண்டிருக்கிறது உவளையெல்லோ" என்றார்.