பெட்டியும் மூச்சு விடும்

அலங்கார விளக்குகளைப் பார்க்க வருகிறவர்களின் கண் மேலே இருக்கும். என் கண் கீழே, சுவரோரமாகப் பெட்டியைத் தேடும். பவர் சப்ளை, கன்ட்ரோலர், ஃபியூஸ் எல்லாம் அந்தச் சாம்பல் நிற பிளாஸ்டிக் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. பண்டிகை முடியும்வரை வெயில், மழை, பனி மூன்றையும் அது தாங்கி நிற்க வேண்டும். இத்தனை வருடத்தில் நான் அதிகம் கற்றுக்கொண்டது விளக்கிடமிருந்து இல்லை, இந்தப் பெட்டியிடமிருந்துதான்.

வேலைக்கு வந்த இரண்டாவது வருடம். ஒரு கட்டடத்தின் முகப்பு முழுக்க எல்இடி சரங்கள். பெட்டி மாட்டும் பொறுப்பு என்னுடையது. தூசி, தண்ணீரை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஐபி 65 எண் அச்சடித்த புதுப் பெட்டி, மூடியின் இடுக்கை அடைக்க நல்ல ரப்பர் கேஸ்கெட். அது போதாதென்று மூடியின் விளிம்பு, கேபிள் நுழையும் இடம், ஸ்க்ரூ தலை என எல்லாவற்றின்மேலும் சிலிக்கானை அப்பினேன். எறும்புகூட நுழைய முடியாது என்று நினைத்தேன். பத்து நாள் ஒழுங்காக எரிந்தது. பதினோராவது நாள் மாலை நல்ல மழை. விளக்குப் போட்ட அரை மணி நேரத்தில், மின்சாரம் கசிந்தால் இணைப்பை வெட்டும் ஆர்சிடி விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடியும் விழுந்தது.

சிலிக்கானைக் கத்தியால் கீறி மூடியைத் திறந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. மூடியின் உட்புறம் முழுக்க வியர்த்த நெற்றி மாதிரி பொடிப்பொடியாக நீர்த்துளிகள். அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர். டெர்மினலில் செம்பு வயர் நுனிகள் பச்சை பூத்திருந்தன. ஓட்டை எங்கே என்று டார்ச் அடித்துத் தேடினேன். கண்ணுக்கு எதுவும் படவில்லை.

கூட இருந்த மூத்த எலக்ட்ரீஷியன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி ஒழுகி உள்ள வரல தம்பி. பெட்டியே உறிஞ்சியிருக்கு."

அன்று அவர் சொல்லித் தந்த கணக்கை இன்றுவரை மறக்கவில்லை. 350 வாட் பவர் சப்ளை முழு லோடில் ஓடினால், 85 சதவீதத் திறன் என்று வைத்துக்கொண்டாலும், சுமார் 60 வாட் வெறும் சூடாகப் போகிறது. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, கிடைத்த சந்தில் கொஞ்சம் வெளியேறும். 50 டிகிரியில் இருக்கும் பெட்டிமேல் திடீரென்று மழை பெய்து 20 டிகிரிக்குக் குளிர்ந்தால், மிச்சமிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்துக்குத் தண்ணீரை உறிஞ்சி ஏற்றப் போதுமான இழுப்பு அது. அந்த நேரத்தில் கேபிள் ஓரத்தில் ஒரு சொட்டு நின்றால் போதும், பெட்டி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாதபடி அடைத்து வைத்தது என்னுடைய சிலிக்கான்.

பச்சை பூத்ததிலும் அந்தச் சிலிக்கானுக்குப் பங்கு உண்டு. வினிகர் வாடை வரும் வகையை வாங்கியிருந்தேன். அது காயும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகும், செம்பை அரிக்கும். மின் வேலைக்கென்றே வாடை இல்லாத நியூட்ரல் வகை தனியாக இருக்கிறது. அது எனக்கு அப்போது தெரியாது.

ஐபி 65 என்ற எண்ணை நான் புரிந்துகொண்டதும் தவறு. ஐஇசி 60529 தரத்தின்படி 6 என்றால் தூசி புகாது. 5 என்றால், 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சினாலும் கெடுதல் வராது. சூடேறிக் குளிரும்போது உள்ளே வியர்ப்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. அதோடு, நாம் டிரில் போட்ட நிமிடத்திலிருந்து அந்த எண் நம் கைவேலையைப் பொறுத்தது.

அதனால் இப்போது பெட்டியின் மேல்பக்கத்தில் நான் ஓட்டை போடுவதே இல்லை. கேபிள்கள் எல்லாம் அடியிலிருந்துதான் ஏறும். ஏறுவதற்கு முன் ஒவ்வொன்றையும் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிடுவேன். கேபிள் வழியே வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். கேபிள் நுழையும் துளையில் அதை இறுக்கிப் பிடிக்கும் திருகுக்குக் கிளாண்ட் என்று பெயர். ஒரு கிளாண்டுக்கு ஒரு கேபிள், அதுவும் உருண்டைக் கேபிள். இரண்டு வயரை ஒரே கிளாண்டில் திணித்து இறுக்கினால் பார்வைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். உள்ளேயிருந்து டார்ச் அடித்தால் இரண்டுக்கும் நடுவே மெல்லிசாக வெளிச்சம் கசியும்.

சுவரில் மாட்டும்போது பெட்டியின் முதுகில் ஓட்டை போட்டு ஸ்க்ரூ இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூலைகளில், கேஸ்கெட்டுக்கு வெளியே, மூடி ஸ்க்ரூவுக்கு அடியிலேயே அதற்கென்று துளை விட்டிருப்பார்கள். அது இல்லாத பெட்டிக்கு வெளியே காது வைத்த பிராக்கெட் கிடைக்கும். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டால் சுவரில் வழியும் தண்ணீர் தேங்காமல் கீழே போய்விடும், சூடும் இறங்கும்.

மூச்சு விட, அடிப்பக்கத்தில் ஒரு வென்ட் பிளக். காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு அதில் இருக்கும். அது கிடைக்காத இடத்தில் அடியில் சின்னதாக ஒரு வடிகால் துளை போடுகிறேன். இதில் எல்லோரும் என்னோடு ஒத்துப்போவதில்லை. துளை போட்டால் அது ஐபி 65 இல்லையே என்கிறார்கள். உண்மைதான். ஆனால் வட அமெரிக்காவின் நீமா என்ற தரத்தில் 3ஆர் வகைப் பெட்டிகளுக்கு வடிகால் துளை இருக்கலாம் என்று அந்தத் தரமே அனுமதிக்கிறது. தண்ணீர் தேங்கிய 65-ஐவிட வடிந்து காய்ந்த பெட்டியையே நான் நம்புவேன்.

அன்று மழையில் ஆர்சிடி விழுந்தபோது கட்டடக்காரர் கெஞ்சினார்: "இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் அதைத் தாண்டி நேரா கொடுத்துடுங்க தம்பி, ஜனங்க வர்ற நேரம்." 30 மில்லியாம்ப் கசிந்தால் வெட்டிவிட வேண்டும் என்றுதான் அந்தக் கருவியை வைக்கிறோம். அந்தச் சரங்கள் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கின. நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் அந்தப் பக்கத்து மெயினை இறக்கிச் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். முகப்பின் பாதி அன்று இருட்டாகவே இருந்தது. வந்தவர்கள் மறுபாதியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பண்டிகை முடிந்து விளக்குகளை இறக்கும் நாளில் எல்லோரும் சரங்களைச் சுருட்டுவார்கள். நான் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, மூடியின் உட்புறம் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பேன். ஈரம் இருந்தால் எந்தச் சுவர், எந்தத் திசை, எத்தனை கேபிள் என்று மூடிக்குள்ளேயே மார்க்கரில் எழுதி வைப்பேன். இந்த முறை பன்னிரண்டு பெட்டிகள். பதினொன்றில் விரல் வறண்டே வந்தது. பன்னிரண்டாவதில் ஒரு கிளாண்டின் ஓரத்தில் மட்டும் லேசான ஈரம். அவசரத்தில் யாரோ இரண்டு வயரை ஒன்றாக நுழைத்திருந்தார்கள்.