எங்கே மேய்ந்தது?

அந்த மாட்டின் வயிற்றிலிருந்து எடுத்ததைக் கருவாட்டுக் கொட்டகையில் தொங்கிய தராசில்தான் நிறுத்துப் பார்த்தோம். 23 கிலோ. கேரி பேக், சாக்குச் சரடு, தெர்மாகோல் துண்டு, இவை எல்லாவற்றையும் சுற்றிப் பின்னிக்கொண்டு நைலான் வலை. பிரிக்கவே முடியாத ஒரு பந்து. வெயிலில் வைத்ததும் கிளம்பிய நாற்றத்தில் வேடிக்கை பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார்கள். மாட்டுக்காரம்மா மட்டும் அசையாமல் நின்றார்.

போன வருடத்துக்கு முந்தின மே மாதம் அது. தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கடலோரத்து ஊர் ஒன்றில் கால்நடை மருத்துவராக எனக்கு இரண்டாவது வருடம். மாடு ஜெர்சி கலப்பு, ஏழு மாதச் சினை. நான்கு நாளாகத் தீவனம் எடுக்கவில்லை, அசை போடவில்லை. இடது பக்கம் உப்பிக் கிடந்தது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே நின்றது. சினை மாட்டைக் கிழிக்க ரொம்பவே தயங்கினேன். விட்டால் தாயும் போய்விடும் என்ற நிலை வந்த பிறகு, வேப்ப மரத்தடியில் நிற்க வைத்தே மரப்பு ஊசி போட்டு, இடது விலாவுக்குப் பின்னால் திறந்தேன்.

வலைப் பந்து வெளியே வந்ததும், முன்பக்கம் இருக்கும் தேன்கூட்டு வயிற்றுக்குள் கையை விட்டேன். ஆணியோ கம்பியோ, கனமான பொருள் எதுவானாலும் அங்கேதான் போய்த் தங்கும். அறை அறையாக இருக்கும் அந்தச் சுவரைத் தடவியபோது விரலில் உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. ஒவ்வொன்றாக எடுத்ததில் மொத்தம் 11. சுண்டுவிரல் நுனி அளவு, சாம்பல் நிறம், நடுவில் துளை. சில முழுசாக இருந்தன. சில, வாயில் போட்டுச் சப்பிய மிட்டாய் போலத் தேய்ந்து, ஓரம் மெலிந்து, கண்ணாடி போல வழவழவென்று இருந்தன.

"ஈயக்குண்டு டாக்டரம்மா. வலையோட அடிக்கயித்துல கோக்குறது. எங்க வீட்டு வலையோடதாக்கூட இருக்கும்" என்றார் அந்த அம்மா. பிறகு, "எல்லாத்தையும் எடுத்துட்டீகல்ல? இனி பயமில்லையே?" என்று கேட்டார்.

"பயமில்லை" என்று சொன்னேன். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாடு பிழைத்துக்கொண்டது. தையல் பிரித்தேன், தீவனம் எடுத்தது, நாள் தவறாமல் ஈன்றது. கிடேரிக் கன்று, ரொம்பச் சின்னதாக இருந்தது. எழுந்து நிற்க அரை நாள் ஆயிற்று. நின்ற பிறகும் மடியைத் தேடத் தெரியவில்லை. காம்பை வாயில் வைத்தாலும் பற்றவில்லை. சீம்பாலைக் கறந்து பாட்டிலில் புகட்டினோம். மூன்றாம் நாள் ராத்திரி செத்துப்போனது.

சீம்பாலை நாங்கள் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மாட்டிலும் ஆட்டிலும் தாயின் நோய் எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குட்டிக்குப் போகாது. பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் வழியாகத்தான் கிடைக்க வேண்டும். தாய் கொடுக்கும் காவலையே உள்ளே விடாத அந்தத் தடுப்பு, ஈயத்தை விட்டுவிடுகிறது. ரத்தத்தில் வரும் ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குப் போகும். வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்குத்தான் அதனால் முதல் கேடு.

அந்தக் கன்று ஈயத்தால்தான் செத்தது என்று அடித்துச் சொல்ல என் கையில் சான்று இல்லை. இல்லாமல் போனதற்கு நானும் ஒரு காரணம். கன்றின் உறுப்புகளை ஆய்வுக்கு அனுப்பியபோது, வழக்கப்படி, சினையைக் கலைக்கும் கிருமி நோயான கன்று வீச்சு நோய்க்குப் பார்க்கச் சொல்லி எழுதினேன். ஈயம் பார்க்கச் சொல்லி எழுதவில்லை. நோய்க்கிருமி இல்லை என்று பதில் வந்தது. மேலே இருந்தவரிடம் பேசினேன். "தாய் பொழச்சிருச்சுல்ல, எழுதி முடிங்க" என்றார். பதிவேட்டில் மாட்டின் அறுவை ஒரு பக்கத்தில் இருக்கிறது, எதிரே "குணம்" என்று என் கையெழுத்தில். கன்றின் சாவு வேறொரு பக்கத்தில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அதில் இடமே கிடையாது.

அப்புறம்தான் பழைய பாடப் புத்தகங்களை எடுத்து உட்கார்ந்தேன். கல்லூரியில் படித்துப் பரீட்சையும் எழுதிய விஷயம்தான், ஆனாலும் வேப்ப மரத்தடியில் நினைவுக்கு வரவில்லை. வயிற்றுப் புளிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் ஈயத்தை, உடம்பு சுண்ணாம்புச் சத்து என்று நினைத்து எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அங்கே வருடக்கணக்கில் கிடக்கும். சினையின் கடைசி மாதங்களில் கன்றுக்கு எலும்பு கட்டச் சுண்ணாம்பு தேவைப்படும், தாய் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ஈன்ற பிறகு பாலுக்கு இன்னும் அதிகமாக எடுக்கும். அப்போது எலும்பில் கிடந்த ஈயமும் கூடவே கிளம்பி வரும். குண்டுகளை நான் எடுத்துவிட்டேன், சரி. எலும்பில் ஏறிவிட்டதை எந்தக் கத்தியால் எடுப்பது? அடுத்த சினையிலும் அதற்கு அடுத்த சினையிலும் அது வரலாம். பயம் இருக்கத்தான் செய்கிறது.

மறுநாளே அந்த அம்மா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, "பேரன் இந்தப் பாலைத்தானே குடிக்கிறான்" என்றார். பிள்ளைக்கு இந்தப் பால் வேண்டாம், யாருக்கும் விற்கவும் வேண்டாம் என்றேன். அதற்குள் மூன்று வாரம் குடித்திருந்தான்.

எங்கள் கடற்கரையில் இது நடப்பது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் சினையாக இருக்கும் காலம் என்பதால் கடலுக்குப் போகக்கூடாது. படகுகள் கரை ஏறும். பழைய பெயிண்டைச் சுரண்டிப் புதிதாக அடிப்பார்கள். வலைகளைப் பிரித்துச் சீர்செய்வார்கள், கிழிசலை அறுத்துப் போடுவார்கள், சில வீட்டு வாசல்களில் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பதையும் பார்த்திருக்கிறேன். மேய்ச்சல் அடியோடு காய்ந்து போவதும் அதே மாதங்களில்தான். கண்மாய் வறண்டு, வயல் கட்டாந்தரையாகி, வேலிக்கருவை நெற்றைத் தவிர மாட்டுக்கு எதுவும் கிடைக்காது. காய்ந்த புல்லில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், குறைவு. அது குறைந்தால் மாடு எலும்பு, துணி, கயிறு என்று கண்டதையும் மெல்லும். உப்பும் மீன் கவிச்சியும் ஊறிய வலை கிடைத்தால் விடுமா? மீனின் சினைக்குக் காலம் ஒதுக்கிக் காக்கத் தெரிந்த ஊர் எங்களுடையது. கரையில் நிற்கும் சினை மாட்டுக்கும் அதே காலத்தில் காவல் தேவை என்பதை நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பெயிண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2017 நவம்பர் முதல் நாட்டில் விதி இருக்கிறது. வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும்தான் அந்த விதி, படகுக்கு இல்லை. படகின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் இருக்க அடிப்பதில் செம்பு வேறு இருக்கும். செம்பைத் தாங்குவதில் செம்மறி ரொம்ப மோசம். மாடு சமாளிக்கும் அளவு செம்பு, செம்மறியின் கல்லீரலில் சத்தமில்லாமல் சேர்ந்து ஒருநாள் கொன்றுவிடும். கிடை போட்டுவிட்டுக் கடலோரமாக மந்தையை ஓட்டிப்போன கீதாரி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "ஆடு நல்லாத்தானே இருக்கு தாயி" என்றார். நன்றாகத்தான் இருந்தன. கொழுத்து, ரோமம் மின்ன, பாதிக்கு மேல் சினையாக.

நன்றாக இருக்கும் தாயை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்கு எங்கள் துறையில் ஒரு பெரிய ஆய்வே உண்டு. ஸ்காட்லாந்தில், சாக்கடைக் கழிவை உரமாகப் போட்ட புல்வெளியில் செம்மறிகளை மேய விட்டார்கள். வேறு சில ஆடுகளைச் சாதாரண உரம் போட்ட புல்லில் மேய விட்டார்கள். கழிவில் பிளாஸ்டிக்கிலிருந்து வரும் ரசாயனம், உலோகம் என்று பலவும் இருந்தன, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக. தாய் ஆடுகளைப் பார்த்தால் நோய் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கழிவுப் புல் தின்ற ஆடுகளின் வயிற்றிலிருந்த கிடாக் கருக்கள் எடை குறைந்திருந்தன, ஆண் ஹார்மோன் குறைந்திருந்தது, விதையில் இருக்க வேண்டிய செல்களும் குறைவு. 2005இல் இது வெளிவந்தது. பெட்டைக் கருக்களின் சினைப்பையிலும் மாற்றம் இருப்பதைப் பிறகு கண்டார்கள். எந்த ஒரு பொருளையும் கைகாட்டிக் குற்றவாளி என்று சொல்ல முடியாது, எல்லாம் கலந்த கலவை செய்த வேலை. எங்கள் கரையில் கிடப்பதும் கலவைதான்: வலை, பெயிண்ட் சுரண்டல், எரித்த பிளாஸ்டிக்கின் சாம்பல், பேட்டரித் தகடு. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. இருந்தும் நான் அறுத்த அந்த வயிற்றில் பாதி கேரி பேக்.

இப்போதெல்லாம் சினை பார்க்க மாட்டைக் கொண்டு வந்தால், "எங்கே மேய்ந்தது?" என்று கேட்டு, பதிலைச் சீட்டின் ஓரத்தில் எழுதி வைக்கிறேன். "இந்த மாசமா, போன வருசமா?" என்று சிலர் திருப்பிக் கேட்கிறார்கள். இரண்டும்தான். சினை மாட்டைத் தடைக்காலத்தில் கரைப் பக்கம் அவிழ்த்துவிடாதீர்கள், தினமும் 30 கிராமாவது தாது உப்பு கொடுங்கள் என்கிறேன். மணிச்சத்து சரியாக இருந்தால் வலையை மெல்லாது, சுண்ணாம்பு போதுமான அளவு கிடைத்தால் ஈயம் ஏறுவதும் குறையும். தீவனம் வாங்க வழியில்லாத வீட்டில், "கட்டிப்போட்டா எதைப் போடுறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த இரண்டு மாதத்துக்குச் சினை மாட்டுக்கு மட்டுமாவது வைக்கோல் ஏற்பாடு செய்யச் சொல்லி ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த மாடு ஒரு வருடம் சினை பிடிக்காமல் இருந்து, இப்போது எட்டு மாதம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். போன வாரம் போனபோது மாடு கொட்டகையில் கட்டிக் கிடந்தது, முன்னால் பனை ஓலைப் பெட்டியில் வைக்கோல். பேரன் உள்ளே ஓடிப்போய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான். பாட்டி அதைப் பிடுங்கி, அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மூடியைத் திறக்காமலே என்னிடம் காட்டினார். வலை பின்னும் இடத்திலும் தெருவிலும் அவர் பொறுக்கிச் சேர்த்த ஈயக்குண்டுகள், முக்கால் பாட்டில் இருந்தன.